முத்துக்குளிப்பும் மூச்சுக் கருவியும்

திருவல்லிக்கேணியில் வசிப்பவர்களுக்குச் சமுத்திரம் புதுமையன்று. பார்த்தசாரதி சுவாமி கோயிலிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் காலில் மணல் படுகிறது. அதே கடற்கரையில் 1909-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் நிறுவிய மீன் காட்சிசாலையில், நம் முன்னோர்கள் கண்ணாடிக்கு அப்பால் நீந்திய மீன்களை வேடிக்கை பார்த்துக் களித்தார்கள். ஆயினும் இந்தக் கரையோரத்தில் பவளத்திட்டு எதுவும் இல்லை. பவளப் பூச்சி பற்றி வளருவதற்குக் கெட்டியான பாறைத் தளமும், சூரிய வெளிச்சம் அடிவரை இறங்கக்கூடிய தெளிந்த நீரும் வேண்டும். துறைமுகம் எழுந்தபின் அதன் தென்புறத்தில் ஒதுங்கி மெரீனாவை அகலச் செய்த மணலும், கூவமும் அடையாறும் கொண்டுவந்து கலக்கும் வண்டலும் அவ்விரண்டுக்கும் இங்கே இடமளிப்பதில்லை.

பவளத்தைக் காண விரும்புவோர் தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்லவேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள் அங்கே இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். இக்கடலடியில் இறங்குவது தமிழர்க்குப் பழகிய தொழில். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திலுள்ள முத்துப் பார்களில், கனத்த கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்துச் சரேலென இறங்கி, சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைத்துச் சமிக்ஞை செய்தவுடன் தோணியிலுள்ள துணையாள் இழுக்க மேலே வந்துசேரும் முத்துக்குளிப்போனுக்கு, ஒரு நிமிஷமோ சற்று அதிகமோ நிலைக்கும் அந்த ஒரே மூச்சுதான் மூலதனம். மூச்சை அடக்குவதே அவனுக்கு முதல் விதி. ஆனால் இன்று நீருக்குள் சுவாசிக்க உதவும் ஸ்கூபாக் கருவியைப் பூண்டு இறங்குகிறவருக்கோ, எக்காரணம் பற்றியும் மூச்சை அடக்கலாகாது என்பதே முதல் விதி. நேர் விரோதமாகத் தோன்றும் இவ்விரு விதிகளையும் ஒரே பௌதிக நியதி விளக்கிவிடுகிறது.

கடல்மட்டத்தில் நம்மீது காற்றுமண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு. நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் மேலும் ஒரு மடங்கு கூடுகிறது. அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. ஆகவே ஆறு லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கும் முத்துக்குளிப்போனுக்கு அது 10 மீட்டரில் மூன்று லிட்டராகவும், 20 மீட்டரில் இரண்டு லிட்டராகவும் சுருங்கி, மேலே வரும்போது மறுபடி அதே ஆறு லிட்டராக விரிகிறது. ஆதலால் நுரையீரலுக்கு ஆபத்தில்லை.

நீளமான குழாயொன்றை மேலே நீட்டி அதன் வழியாக மூச்சு வாங்கினால் என்ன என்று கேட்கலாம். சுற்றியுள்ள நீர் மார்பை அழுத்துகிறது. குழாய்க் காற்றோ மேல்மட்ட அழுத்தத்திலேயே நிற்கிறது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே அந்த வித்தியாசத்தை எதிர்த்து நெஞ்சை விரிக்க மனிதனுடைய தசைகளுக்குச் சக்தி போதாது. எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோமோ அவ்வளவு அழுத்தமுள்ள காற்றே வாயில் வந்து சேரவேண்டும் என்பது இதனால் விளங்கும். இச்சங்கடத்தைச் செவ்வையாகத் தீர்த்தவர்கள், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியியல் வல்லுநர் எமில் காஞ்ஞானும் ஆவர். 1943-இல் அவர்கள் அமைத்த கருவியே இன்றைய ஸ்கூபாவுக்கு மூலம்.

அதன் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். முதுகிலுள்ள உலோகக் கலத்தில் சாதாரணக் காற்றே 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. பலரும் எண்ணுவதுபோல அது தனிப் பிராணவாயு அன்று. கலத்தின் வாயிலுள்ள முதல் வால்வு அவ்வழுத்தத்தை ஏறத்தாழப் பத்து மடங்காகக் குறைத்து ரப்பர் குழாய்க்குள் அனுப்புகிறது. பற்களால் கவ்விக்கொள்ளும் வாய்த்துண்டில் மெல்லிய ரப்பர்ச் சவ்வொன்று இருக்கிறது. அதன் வெளிப்புறத்தைக் கடல்நீர் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்ததும் சவ்வு உட்புறமாக வளைந்து ஒரு சிறு நெம்புகோலை அமுக்க, வால்வு திறந்து காற்று வருகிறது. உள்ளழுத்தம் வெளியிலுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமானதும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்ப, வால்வு மூடிக்கொள்கிறது. வெளியே விடும் மூச்சு வேறொரு வழியாகக் குமிழிகளாய்ப் போய்விடுகிறது.

12 லிட்டர்க் கலத்தில் அடங்கும் காற்று சுமார் 2,400 லிட்டர். நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது கடல்மட்டத்தில் இரண்டு மணி நேரம் போதும். 10 மீட்டரில் ஒரு மணியும், 20 மீட்டரில் 40 நிமிஷமுமே தாங்கும். அதிலும் ஒரு பகுதியைச் செலவிடாமல் மிச்சம் வைத்துக்கொண்டு மேலேறுவது வழக்கம்.

இப்போது முதல் விதிக்கு வருவோம். 10 மீட்டர் ஆழத்தில் ஸ்கூபாவிலிருந்து நெஞ்சை நிரப்பியவர், பயத்தினாலோ பழக்கமின்மையாலோ வாயை இறுக மூடிக்கொண்டு மேலேறினால், உள்ளிருக்கும் ஆறு லிட்டரும் பன்னிரண்டாக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். இடைவிடாமல் சுவாசித்துக்கொண்டே வருகிறவருக்கோ மிகுந்த காற்று தானாக வெளியேறிவிடுகிறது.

இரண்டாவது அபாயம் நைட்ரஜனால் வருவது. அழுத்தம் மிகுந்தால் அவ்வாயு இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் கரைந்திருந்த வாயு நுரைத்துப் பொங்குவதுபோல, விரைந்து மேலேறுகிறவரின் உடலிலும் குமிழிகள் தோன்றி மூட்டு வலியும் பக்கவாதமும் விளைவிக்கக்கூடும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம், எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்பதற்கு முதன்முதலாக 1908-இல் அட்டவணை வகுத்தவர் ஜே.எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் 1964-இல் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் அவருடைய புதல்வர். அவரும் அழுத்த அறைக்குள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர். நீர்மட்டத்தை அடையுமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் தங்கிச் செல்வது இன்றும் அனுசரிக்கப்படும் ஒழுங்கு.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் 1960-களில் தூத்துக்குடிக் கடலடியில் இறங்கி நேரில் கண்டவற்றை வரிசையாக எழுதிவந்தார்கள். பாரை இனத்து மீன் ஒன்று கடற்பாம்போடு சகவாசம் செய்வதைப் பற்றியது அவற்றுள் ஒன்று. ஒரு மூச்சில் சிப்பியை வாரிக்கொண்டு எழவேண்டியவனுக்கு இத்தகைய காட்சியில் நிலைத்திருக்க அவகாசம் ஏது?

அந்தப் பார்வைக்கு இன்று அவசியம் கூடியிருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் நலிந்த தீவுகளில் இரண்டு நீரில் அமிழ்ந்துவிட்டன. பவளங்களுக்கு 2001-இல் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. எனினும் 2010-இலும் 2016-இலும் நீரின் உஷ்ணம் மிகுந்து, பவளத்தினுள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் நீங்கிவிட, திட்டுகள் வெளுத்துப்போயின. அவற்றில் எது பிழைத்தது, எது மடிந்தது என்பதைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் ஸ்கூபாவோடு இறங்கிப் பார்த்தே கணித்துவருகிறார்கள்.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் அனுமதியின்றி நுழையலாகாது. பயில விரும்பும் நம்மூர் இளைஞர்கள் புதுச்சேரியிலோ அந்தமானிலோ முறையான ஆசிரியரிடம் கற்கலாம். காது, இருதயம், நுரையீரல் ஆகியவற்றை வைத்தியரிடம் முன்னதாகப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். ஒருபோதும் தனியே இறங்கக்கூடாது. பவளக் கிளையை ஒருமுறை மிதித்து ஒடித்தால், அது மீண்டும் வளரப் பல வருஷங்கள் செல்லும். ஆகையால் கடலுக்குள் செல்வோர் மூச்சை அடக்காதிருக்கவும், கையையும் காலையும் அடக்கியிருக்கவும் பயின்ற பிறகே இறங்குவார்களாக.