சிம்னி வாங்கப் போறீங்களா... முதல்ல சுவரைப் பாருங்க!

சாயங்காலம் ஏழு மணி. வத்தக்குழம்புக்கு எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வரமிளகாயைக் கிள்ளிப் போட்ட அடுத்த நொடி ஹாலில் அப்பாவுக்கு இருமல். பெட்ரூமில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும் தம்பி, 'மியூட்' போட்டுவிட்டுத் தும்முகிறான். அடுப்பு முன்னாடி நிற்கிறவங்க மட்டும் எங்கேயும் ஓட முடியாது. 'ஒரு சிம்னி வாங்கிடலாம்ப்பா' என்கிற முடிவு, பல வீடுகளில் இப்படி ஒரு தாளிப்பில்தான் பிறக்கிறது.

உடனே போனை எடுத்துத் தேடுவோம். 1,000, 1,200, 1,400 என்று 'சக்‌ஷன்' நம்பர்கள், கையசைத்தால் ஆன் ஆகும் சென்சார், நீல லைட். எதை வாங்குவது என்று தலை சுற்றும். கொஞ்சம் பொறுங்க. எந்த சிம்னி என்று பார்ப்பதற்கு முன், புகை உங்கள் வீட்டைவிட்டு எந்த வழியாக வெளியே போகப்போகிறது என்று பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் காசைக் கொடுத்த அனுபவசாலி நான்.

வேளச்சேரியில் வாடகை வீடு. 'சுவர்ல ஓட்டை மட்டும் போடக் கூடாதும்மா' என்று ஹவுஸ் ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டார். கடையில் இதைச் சொன்னதும், 'பைப்பே தேவையில்ல மேடம், டக்ட்லெஸ் மாடல் இருக்கு' என்றார் விற்பனையாளர். அம்மாவுக்கு வீசிங் உண்டு. அவருக்காகவே ஒன்பதாயிரம் ரூபாயை இ.எம்.ஐ-யில் போட்டு வாங்கினேன். மாட்டிய அன்றைக்கு நெத்திலி வறுவல். சிம்னி 'ஹோ'வென்று சத்தம் போட்டுப் புகையை இழுத்து, மேலே இருந்த ஓட்டைகள் வழியாகக் கிச்சனுக்குள்ளேயே விட்டது. ஒரு நிமிடம் அதையே பார்த்த அம்மா, 'இது என்னடி, வாங்கி நமக்கே திருப்பித் தருது?' என்றார்.

அம்மா சொன்னதுதான் அந்த மாடலின் அறிவியல். டக்ட்லெஸ் சிம்னி காற்றை உள்ளே இழுத்து, எண்ணெய்ப் பிசுக்கை ஒரு ஃபில்டரிலும், வாடையைக் கரி ஃபில்டரிலும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அறைக்குள்ளேயே விட்டுவிடும். சூடும் நீராவியும் எங்கேயும் போகாது. கேஸ் எரியும்போது உண்டாகிற நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை அந்தக் கரி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தினமும் சமைத்தால் சில மாதங்களில் கரியும் தீர்ந்துவிடும். கழுவிப் பயன்படுத்த முடியாது, புதுசுதான் வாங்க வேண்டும்.

'கொஞ்சம் புகைதானே?' என்று விட்டுவிடவும் முடியாது. அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை '2ஏ' பிரிவில் வைத்திருக்கிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள்களின் பட்டியல் அது. இதைப் படித்துவிட்டு அப்பளக் கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆதாரம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, உங்கள் வீட்டு வடைச்சட்டியால் எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல. ஆனால் புகையை வெளியே அனுப்ப வழி இருந்தால் அனுப்பிவிடுவது நல்லது.

பைப்தான் ஹீரோ

அடுப்புக்கு மேலே வெளிச்சுவர் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அடுப்பு ஒரு பக்கம், வெளிச்சுவர் இன்னொரு பக்கம் என்றால், பைப் எவ்வளவு தூரம் போக வேண்டும், எத்தனை இடத்தில் வளைய வேண்டும் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நீளம் கூடக் கூட, வளைவு கூடக் கூட இழுக்கும் சக்தி குறையும். இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் அடுப்பையே இடம் மாற்ற முடியுமா என்று யோசிப்பது மேல்.

பைப்பின் விட்டமும் முக்கியம். சிம்னியின் வாய் 6 இன்ச் என்றால் பைப்பும் 6 இன்ச்சாகவே இருக்க வேண்டும். 'சுவர்ல ஏற்கெனவே 4 இன்ச் ஓட்டை இருக்கு சார், அதுலயே விட்டுடலாம்' என்று மாட்ட வருபவர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 6 இன்ச்சிலிருந்து 4 இன்ச்சுக்கு வந்தால், காற்று போகும் வழி பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. சத்தம் மட்டும்தான் கூடும். அலுமினிய மடிப்பு பைப் என்றால் நன்றாக இழுத்து நீட்டி, மிச்சத்தை வெட்டிவிடச் சொல்லுங்கள். பலர் அதைச் சுருட்டி லாஃப்டுக்குள் திணித்துவிட்டுப் போவார்கள். அந்த மடிப்புகளில்தான் எண்ணெய் தேங்கும்.

அபார்ட்மென்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பைப்பை பாத்ரூம் ஜன்னல்கள் திறக்கும் குறுகலான ஷாஃப்ட்டில் விட்டால், உங்கள் மீன் வறுவல் வாசம் நேராக மேல் வீட்டு அக்காவின் பாத்ரூமுக்குப் போகும். அப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் பெயர் அடிபடும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த 1,200 எதற்கு?

சக்‌ஷன் நம்பர் என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை சிம்னி இழுக்கும் என்ற கணக்கு. பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் பைப்பின் தடை இல்லாத நிலையில் கிடைக்கும் உச்ச அளவு. உங்கள் வீட்டில் அது கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம்!

கணக்குப் போடுவோம். 8 அடிக்கு 7 அடி கிச்சன், 10 அடி உயரம் என்றால் மொத்தம் 560 கன அடி, அதாவது சுமார் 16 கன மீட்டர். மணிக்கு 15 தடவை மொத்தக் காற்றையும் மாற்றினாலும் 240-தான் வருகிறது. சுவரோடு பொருத்தும் சிம்னிக்கு, அகலத்தில் ஒவ்வோர் அடிக்கும் நிமிடத்துக்கு 100 கன அடி என்று வெளிநாடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தாலும் 2 அடி சிம்னிக்கு மணிக்கு 340 கன மீட்டர். நம் தாளிப்புக்காக அதை இரண்டு மடங்காக்கினால்கூட 700-ஐத் தாண்டவில்லை. ஆக, நல்ல பைப் இருந்தால் 800 - 1,000 என்று போட்ட மாடலே சின்ன கிச்சனுக்குத் தாராளம். 1,400-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை பைப்புக்கும் மாட்டும் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் சிம்னி விலையில் அடங்காது.

அலமாரிக்கு அடியில் ஒல்லியாகப் பொருத்தும் மாடலைக் கடையில் 'ஸ்ட்ரெய்ட் லைன்' என்பார்கள். பட்ஜெட்டில் கிடைப்பது இதுதான். ஒரு குறை, புகையைப் பிடித்து வைக்க இதில் ஆழம் கிடையாது. அதனால் வறுவல், பொரியலை எல்லாம் பின் பக்க பர்னருக்கு மாற்றுங்கள். இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ அகலம் போதும், மூன்று நான்கு என்றால் 75 அல்லது 90. அடுப்பின் மேல்மட்டத்திலிருந்து சிம்னிக்கு 65 முதல் 75 செ.மீ இடைவெளி இருக்கட்டும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. மாட்டும்போது வீட்டிலேயே பெரிய இட்லிப் பானையை அடுப்பில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஃபில்டர் விஷயத்தில் என் ஓட்டு 'பேஃபிள்'-க்குத்தான். வளைந்த ஸ்டீல் தகடுகள், புகை வளைந்து திரும்பும்போது எண்ணெய் தகட்டில் மோதி வடிந்துவிடும். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போட்டு ஊறவைத்தால் போதும். வலை மாதிரி இருக்கும் 'மெஷ்' ஃபில்டர் விலை குறைவு. ஆனால் நம் சமையலுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் இழுக்காது. 'ஆட்டோ க்ளீன்' என்பதை நம்பி ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கிண்ணத்தைக் கழுவுவதும், வெளிப்பக்கம் துடைப்பதும் நாம்தான்.

கரன்ட் பில் பயமா? 200 வாட்ஸ் மோட்டார் தினமும் 2 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 24 யூனிட். அவ்வளவுதான்.

ஓட்டை போடவே முடியாதுன்னா?

என்னைப் போல வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது. கிச்சனில் ஜன்னல் இருந்தால், அதில் ஒரு கண்ணாடியை மட்டும் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்த அளவுக்கு பிளைவுட்டோ அக்ரிலிக் ஷீட்டோ வெட்டி, நடுவில் வட்டமாகத் துளை போட்டால் பைப்போ எக்ஸாஸ்ட் ஃபேனோ அதில் உட்கார்ந்துவிடும். காலி செய்யும்போது பழைய கண்ணாடியை மாட்டிவிட்டுப் போகலாம். ஜன்னல் அடுப்புக்குத் தூரமாக இருந்தால் சிம்னியை மறந்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போடுங்கள். ஜன்னல் பலகையில் எண்ணெய் படியும், பார்க்கவும் அழகாக இருக்காது. ஆனால் ஒன்பதாயிரம் ரூபாய் டக்ட்லெஸ்ஸைவிட, சில ஆயிரத்துக்குள் முடிகிற இந்த ஃபேன் நல்லது. வெளியே அனுப்புகிறதே! இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். சிம்னியை அம்மா லைட்டுக்காக மட்டும் போடுகிறார்.

எதை மாட்டினாலும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஆன் செய்யுங்கள், சமைத்து முடித்தும் பத்து நிமிடம் ஓடட்டும். வெளியே போகிற காற்றுக்குப் பதிலாக உள்ளே காற்று வர வேண்டும், அதனால் கிச்சன் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மாட்ட வந்தவர் கிளம்பும் முன்பு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, முன் பக்க பர்னருக்கு மேலே பிடியுங்கள். புகை நேராக சிம்னிக்குள் போனால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். உங்கள் முகத்தைப் பார்த்து வந்தால், அவரை விடாதீர்கள், பைப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.