பணித்தவரும் பணிந்தவரும்

1990ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், விடுதலைப் புலிகள் கிழக்கிலங்கைப் பொலிஸ் நிலையங்களைச் சூழ்ந்து சரணடையுமாறு கோரினர். கல்முனை நிலையத்தார் இணங்காது பொருதனர். எனினும், சரணடையும்படி கொழும்பு விடுத்த ஆணைக்கு ஈற்றில் பணிந்தனர். கிழக்கிற் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் காவலருள் நூற்றுக்கணக்கானோர் திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளக் காட்டிற் கொல்லப்பட்டனர்.

மேலிடத்து ஆணையை மீறுதல் குற்றம். தம்மை நம்பி நிற்போரைக் கைவிடுதல் பழி. இவ்விரண்டிற்கும் நடுவே நின்ற நிலையத் தலைவர்தம் நெஞ்சம் பட்ட பாட்டினை யாரே அளக்க வல்லார்? புலிகளுடன் பேசிய பேச்சினைக் கொழும்பு நம்பிற்று. அந்நம்பிக்கைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவரோ காவலர்.

வள்ளுவர் படைமாட்சிக்கு முன்னரே இறைமாட்சியை வைத்தமை ஈண்டு நினையத்தக்கது. பணிந்தவரிடம் மட்டும் கணக்குக் கேட்டல் முறையன்று. பணித்தவரும் கணக்குக் கொடுத்தலே தலைமைக்கு அறமாம்.