மின்னாத விளக்கு என்ன சொல்கிறது?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாகி வருகின்றன. அந்த வண்டிகளிலெல்லாம் திரும்பும் திசையைக் காட்டும் மஞ்சள் விளக்கு உண்டு. அது நிமிடத்திற்கு 60 முதல் 120 முறைக்குள் மின்ன வேண்டும் என்பது விதி.

ஒரு காரில் அந்த விளக்கு திடீரென்று படபடவென மிக வேகமாக மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பல்புகளில் ஒன்று எரிந்துபோயிருக்கும். பல்பு போனால் மின்னோட்டம் குறையும். மின்னணு ரிலே அதை உணர்ந்து, ஓட்டுநர் கவனிக்கட்டும் என்று வேகத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே, பழுதாகும் விதமே பழுதின் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் வீட்டில் செய்யும் சிறு மின்சுற்றுக்கும் இது பொருந்தும்.

மாறிமாறி மின்னும் இரண்டு எல்.இ.டி. விளக்குகளைச் செய்து பார்ப்போம். தேவையானவை: 1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கு, பி.சி. 547 டிரான்சிஸ்டர் இரண்டு, சிவப்பு எல்.இ.டி. இரண்டு, 470 ஓம் மின்தடை இரண்டு, 47 கிலோ ஓம் மின்தடை இரண்டு, 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இரண்டு.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். இடமிருந்து வலமாக அவை ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். உமிழ்ப்பான்களை எதிர்மின் கம்பியில் இணையுங்கள். ஒவ்வொரு ஏற்பானுக்கும் நேர்மின் கம்பிக்கும் இடையே ஓர் எல்.இ.டி.யும் 470 ஓம் மின்தடையும் தொடராக வரவேண்டும். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்மின் பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு அடிவாய்க்கும் நேர்மின் கம்பிக்கும் இடையே 47 கிலோ ஓம். ஒவ்வொரு ஏற்பானிலிருந்தும் மற்ற டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு ஒரு மின்தேக்கி. அதன் நேர்முனை ஏற்பான் பக்கம்.

ஒரு டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தும்போது மற்றது அடங்கியிருக்கும். அடங்கியிருப்பதன் அடிவாய் மின்னழுத்தம், 47 கிலோ ஓம் வழியே மெல்ல ஏறி 0.6 வோல்ட்டைத் தொட்டதும் முறை மாறும். 1919-இல் ஆபிரகாம், பிளாக் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு வெளியிட்ட சுற்றின் வழிவந்ததே இது.

ஒரு முறைக்கு ஆகும் நேரம் 0.69 × மின்தடை × மின்தேக்குதிறன். அதாவது 0.69 × 47,000 × 0.00001 = 0.32 வினாடி. இரண்டு முறையும் சேர்ந்தால் சுமார் 0.65 வினாடி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 92 மின்னல்கள். எல்.இ.டி. தனக்கென்று 2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்வதால், உண்மையில் வேகம் சற்றுக் கூடும். மின்தேக்கியின் மதிப்பும் 20 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம். அதனால் 110 வந்தாலும் பழுது அல்ல.

சரி, மின்னவில்லை. என்ன செய்வது? உடனே டிரான்சிஸ்டரைப் பிடுங்கிப் புதியதைப் போடாதீர்கள். முதலில் கவனியுங்கள்.

இரண்டும் எரியவே இல்லையா? நேர், எதிர்மின் கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். 6 வோல்ட் வராவிட்டால் மின்கலத்தையும் இணைப்பையும் பாருங்கள்.

இரண்டும் விடாமல் எரிகின்றனவா? இருட்டறையில் சுற்றைக் கையில் பிடித்து வேகமாக அசையுங்கள். ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் மின்னுகிறது என்று பொருள். மின்தேக்கியில் 104 என்று அச்சிட்டிருக்கிறதா? அது 0.1 மைக்ரோஃபாரட், வேகம் நூறு மடங்காகிவிடும். புள்ளிகள் இல்லாமல் தொடர்ந்த கோடாகத் தெரிந்தால், ஏதோ ஒரு மின்தேக்கி சரியாக இணையவில்லை.

ஒன்று மட்டும் எப்போதும் எரிகிறதா? எரியாத பக்கத்து டிரான்சிஸ்டரில், அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.7 வோல்ட் இருந்து, ஏற்பானில் 0.2 வோல்ட் அளவே இருந்தால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது, எல்.இ.டி. திரும்பியிருக்கும் அல்லது 470 ஓம் மின்தடை விட்டுப்போயிருக்கும். அடிவாயில் மின்னழுத்தமே இல்லையென்றால் 47 கிலோ ஓம் இணைப்பைப் பாருங்கள்.

மிக மங்கலாக எரிகிறதா? வண்ணப் பட்டைகளைப் பாருங்கள். 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு. 47 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. மூன்றாம் பட்டை மட்டுமே வேறு. மாற்றிப் போட்டால் எல்.இ.டி.க்கு நூறில் ஒரு பங்கு மின்னோட்டம்தான் கிடைக்கும்.

காரணம் தெரியாமல் உறுப்பை மாற்றினால் சில வேளை விளக்கு எரியும். ஆனால் நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். தளர்ந்த இணைப்பு தற்செயலாகச் சேர்ந்திருந்தால், நாளை மீண்டும் அணையும். வண்டியின் விளக்கில் அப்படி நேர்ந்தால், பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. எனவே பார்த்து, ஊகித்து, அளந்து, அதன் பிறகே மாற்றுங்கள்.

இதோ உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் சுற்று நன்றாக மின்னுகிறதா? இரண்டு மின்தேக்கிகளுள் ஒன்றை மட்டும் 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் என்ன நடக்கும்? எந்த விளக்கு, எத்தனை வினாடி எரியும் என்று முதலில் தாளில் கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு செய்து பாருங்கள்.