கம்ப்யூட்டர் உறைந்து போனால்... சுவிட்சைத் தொடாதீர்கள்!

ஓணத்துக்கு நான்கு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து கூலிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே 42 பேர் காத்திருந்தார்கள். மூட்டை இறக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள். பாதிக்கு மேல் நம் தென்காசி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். வாரக் கூலியும் ஓண போனசும் சேர்ந்த பட்டியல் அது. அச்சாகி முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் பட்டுவாடா. பணம் கைக்கு வந்த பிறகுதான் அவர்கள் தம்பானூருக்கு ஓடி நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க முடியும்.

முப்பதாவது பெயரைத் தாண்டியிருப்பேன். மவுஸ் அம்பு நின்றுவிட்டது. கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் பலன் இல்லை. திரையில் பட்டியல் அப்படியே தெரிகிறது. ஆனால் சுவரில் மாட்டிய படம் மாதிரி. கடைசியாகச் சேமித்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்பு. "என்ன அண்ணாச்சி, ஆச்சா?" என்று கீழேயிருந்து குரல் வேறு. நான் செய்யப் போனது எல்லோரும் செய்வதுதான். கை நேராகச் சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போயிற்று.

"சாரே, ஓஃப் செய்யல்லே!" என்று ஒரு சத்தம். பில் போட உதவிக்கு வரும் மலையாளி இளைஞன். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கண்ட்ரோல், ஆல்ட் என்ற இரண்டு கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, மேல் வரிசையில் உள்ள எஃப் 3-ஐ அழுத்தினான். கால் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படமெல்லாம் மறைந்து கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: பெயர் என்ன என்று கேட்டது.

"இது எங்கே படித்தாய்?" என்று பிறகு கேட்டேன். "ஸ்கூலில்" என்றான்.

<b>பள்ளிக்கூடப் பாடம்</b>

அவன் சொன்னதில் வியப்பில்லை. கேரளப் பள்ளிகளில் 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், சில ஆண்டுகளில் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. அதே 2001 ஜூலையில்தான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையும் இதே திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கி வைத்தார். அந்தப் பள்ளித் திட்டம் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. தலைமை அலுவலகம் பூஜப்புரையில். உபுண்டுவை அடிப்படையாக வைத்து அவர்கள் தயாரித்த லினக்ஸ்தான் இங்குள்ள பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது.

நம் ஊரிலும் இது புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் தமிழ் வசதியுள்ள லினக்ஸை 2007-லேயே வெளியிட்டது. ஆகவே இங்கே கடையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் நம்மவர் பலருடைய மேஜையில் இருப்பது லினக்ஸாகவே இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தக் கறுப்புத் திரை, குமாஸ்தாவுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமா?

<b>ஒரு வீடு, பல வாசல்</b>

நாம் பார்க்கும் படத் திரைதான் கம்ப்யூட்டர் என்று நினைக்கிறோம். அது தவறு. படமும் ஜன்னல்களும் மவுஸும் சேர்ந்தது, உள்ளே ஓடும் பல வேலைகளில் ஒன்று. அது மூச்சுத் திணறி நின்றாலும் அடியில் இருக்கும் மூலப் பொறுப்பாளர், அதாவது லினக்ஸ் கரு, பெரும்பாலும் உயிரோடுதான் இருப்பார். அவரோடு பேசப் படம் இல்லாத வேறு வாசல்கள் உண்டு. அவற்றுக்கு எழுத்துக் கன்சோல் என்று பெயர்.

லினக்ஸ் கரு 63 கன்சோல் வரை இடம் கொடுக்கிறது. நாயன்மார் எண்ணிக்கை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வழக்கத்தில் உள்ளது ஐந்தாறுதான். இன்றைய உபுண்டு வகையில் எஃப் 1-ல் நுழைவுத் திரை, எஃப் 2-ல் நம்முடைய படத் திரை, எஃப் 3 முதல் எஃப் 6 வரை எழுத்துக் கன்சோல்கள். பழைய லினக்ஸில் எஃப் 1 முதல் எஃப் 6 வரை எழுத்து, எஃப் 7 படம். எல்லாவற்றுக்கும் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்தே அழுத்த வேண்டும். மடிக்கணினியானால் சிலவற்றில் எஃப்.என். என்ற கட்டையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

இந்த வாசல்களுக்கு உள்ளே 'டி.டி.ஒய்.' என்று பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம். தந்தி ஆபீசில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த அதே டெலிபிரிண்டர் இனம்தான். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, டெலிடைப்பில் தட்டினால் பதில் காகிதத்தில் அச்சாகி வரும். படத்துக்கு வழி செய்த 'எக்ஸ்' அமைப்பு 1984-ல்தான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பிறந்தது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், யூனிக்ஸின் வழியையே பின்பற்றியது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்று போயிற்று. அதன் பெயர் மட்டும் கம்ப்யூட்டருக்குள் இன்னும் இருக்கிறது.

<b>அன்று நடந்தது என்ன?</b>

கறுப்புத் திரை பெயர் கேட்டதும் என் பயனர் பெயரைத் தட்டினேன். அடுத்துக் கடவுச்சொல். தட்டத் தட்டத் திரையில் ஒன்றுமே விழவில்லை. நட்சத்திரப் புள்ளி கூட இல்லை. கட்டை வேலை செய்யவில்லை என்று பயந்தேன். அது அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர் எழுத்துக்களை எண்ணிவிடாதபடி மறைத்து வைக்கிறது என்றான் அவன். முதல் தடவை தவறு என்று வந்தது. காரணம், வலப்பக்க எண் கட்டைகளில் தட்டியது. கன்சோலில் அந்தப் பகுதி அணைந்திருப்பது உண்டு. மேல் வரிசை எண்களை உபயோகித்ததும் உள்ளே விட்டது.

பிறகு ஆங்கிலத்தில் 'டாப்' என்று மூன்று எழுத்துத் தட்டினான். உள்ளே ஓடும் வேலைகள் அத்தனையும் வரிசையாக வந்தன. பெரிய எழுத்து 'எம்' அழுத்தியதும் அதிக நினைவகத்தை விழுங்குகிறவர் முதல் வரிசைக்கு வந்தார். பார்த்தால் என் கூலிப் பட்டியல் அல்ல, பிரவுசர்! காலையிலிருந்து நான் மூடாமல் விட்டிருந்த இருபது இணையப் பக்கங்கள் நினைவகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, குற்றமே செய்யாத பட்டியலையும் மூச்சுவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தன.

அதே இடத்தில் 'கே' என்ற எழுத்தை அழுத்தினான். யாரை நிறுத்த வேண்டும் என்று எண் கேட்டது. பிரவுசரின் வரிசையில் இடது ஓரத்தில் இருந்த எண்ணைக் கொடுத்தான். என்ன முறையில் என்று கேட்டது. வழக்கமான முறை 15. அது, 'தம்பி, சாமானை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பு' என்று சொல்வது போல. அதற்கும் அசையாதவருக்கு 9 உண்டு. கழுத்தைப் பிடித்து வெளியேற்றுவது. முதலிலேயே 9-க்குப் போகக்கூடாது. அன்று 15 போதுமாயிருந்தது.

'கியூ' அழுத்தி டாப்பை மூடினோம். 'எக்ஸிட்' என்று தட்டி வெளியே வந்தோம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 2. என் பட்டியல் திரும்ப வந்தது, நான் விட்ட அதே பெயரில். மவுஸ் அசைந்தது. முதல் வேலையாகச் சேமித்தேன். ஐந்தே முக்காலுக்குப் பட்டுவாடா முடிந்தது. சுவிட்சை அணைத்திருந்தால் மதியத்துக்குப் பிறகு செய்த வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்; 42 பேரில் ஒருவராவது அன்று ரயிலைப் பிடித்திருக்க மாட்டார்.

<b>தமிழ் எழுத்து கெட்டுவிட்டதா?</b>

நம்மவர் இந்தக் கன்சோலில் பயந்து போகும் இடம் இன்னொன்று உண்டு. கோப்புகளுக்கு 'கூலி', 'போனஸ்' என்று தமிழில் பெயர் வைத்திருப்போம். கறுப்புத் திரையில் அவை கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். லினக்ஸ் கருவின் கன்சோல் ஒரே சமயத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் வைத்துக்கொள்ளும். அதோடு ஒரு கட்டத்தில் ஒரு வடிவம் என்பது அதன் கணக்கு. 'கொ' என்று எழுதினால் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வந்து சேர வேண்டும்; அந்த வித்தை அதற்குத் தெரியாது. மலையாளத்துக்கும் இதே கதிதான். உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது. படத் திரைக்குத் திரும்பினால் தமிழும் திரும்பும். ஆபத்து சமயத்தில் தேட வேண்டியிருக்கும் முக்கியமான கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ பெயர் வைப்பது புத்திசாலித்தனம்.

<b>மறக்கக்கூடாதவை</b>

அவசரம் கூடாது. நினைவகம் அடைத்திருக்கும்போது கன்சோல் வர இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகலாம். கட்டையை மாற்றி மாற்றி அழுத்தினால் இன்னும் தாமதம்.

வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' தட்டாமல் எழுந்திருக்கக்கூடாது. படத் திரையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனாலும், எஃப் 3-ல் திறந்து வைத்த வாசல் திறந்தபடியே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உங்கள் பெயரில் எதையும் செய்யலாம். சம்பளக் கணக்கு வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

படத் திரை முழுவதையும் மறுபடி தொடங்கும் கட்டளையும் உண்டு. அதைக் கொடுத்தால் திறந்திருக்கும் ஜன்னல்கள் அத்தனையும் மூடிவிடும், சேமிக்காதது போய்விடும். ஆகவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வாசலும் திறக்கவில்லை என்றால்? அப்போதும் சுவிட்சுக்கு முன் ஒரு வழி இருக்கிறது. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் கட்டையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற மூன்று எழுத்துக்களைச் சில வினாடி இடைவெளி விட்டு அழுத்த வேண்டும். முதலாவது, எழுதக் காத்திருக்கும் விவரங்களை வட்டில் எழுதச் சொல்கிறது. இரண்டாவது, வட்டில் மேற்கொண்டு எழுதாமல் தடுக்கிறது. மூன்றாவது, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குகிறது. சேமிக்காத பட்டியலை இது காப்பாற்றாது. வட்டில் உள்ள பழைய கணக்குகளைக் காப்பாற்றும். உபுண்டுவில் இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு. சில லினக்ஸில் அடைத்து வைத்திருப்பார்கள்.

<b>ஓய்வான ஒரு நாளில்...</b>

வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழக முடியாது. வேலை இல்லாத ஒரு மத்தியானம், எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 அழுத்திப் பாருங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், 'எக்ஸிட்' தட்டி வெளியே வாருங்கள். உங்கள் இயந்திரத்தில் படத் திரை எஃப் 1-லா, 2-லா, 7-லா என்று கண்டுபிடித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்!

இங்கே கேரளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "இந்த டாப், கில் எல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு என் வயதில் பாதி கூட இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த வருஷ ஓணத்துக்கு, போனஸ் பட்டியலில் இல்லாத அவனுக்கு, முதலாளியிடம் சொல்லி ஒரு வேட்டியும் சட்டையும் வாங்கிக் கொடுத்தேன்.