தொடங்கிய கதையை முடிப்போம்

கதை எழுத வேண்டும் என்னும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. பேருந்தில் கண்ட ஒரு முகம், பாட்டி சொன்ன பழைய செய்தி என நாளும் எத்தனையோ கருக்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஆயினும் நம் நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் காண்பதென்ன? இரண்டு பத்திகளோடு நின்றுபோன கதைகள்! இந்த ஆரம்ப சூரத்தனத்தை வெல்வது எப்படி? ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லியின் அனுபவம் இதற்கு நல்ல விடை தருகிறது.

1816ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. கவிஞர் பைரன் தங்கியிருந்த மாளிகையில் நண்பர்கள் கூடிப் பேய்க்கதைகள் படித்துப் பொழுது போக்கினர். நாமும் ஆளுக்கொரு கதை எழுதுவோமே என்றார் பைரன். அவர் சில பக்கங்களோடு நிறுத்திவிட்டார். கவிஞர் ஷெல்லியும் தம் கதையை முடிக்கவில்லை. அங்கிருந்த 18 வயது மேரிக்கோ முதலில் கருவே தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்டவர்களிடம், இல்லை என்று கூற அவர் கூசினார்.

ஓரிரவு, உயிரின் தோற்றம் பற்றி மற்றவர்கள் உரையாடியதைக் கேட்டபின் அவருக்கு உறக்கம் வரவில்லை. தான் உருவாக்கிய உடல் அசையக் கண்டு அஞ்சும் மாணவன் ஒருவன் அவர் மனக்கண்முன் தோன்றினான். அதுவே 'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் கருவாயிற்று.

அதன்பின் அவர் செய்தவையே நாம் கற்க வேண்டியவை.

முதலாவது, தெளிவாகத் தெரிந்த காட்சியை அவர் மறுநாளே எழுதத் தொடங்கினார். 1818ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நான்காம் அதிகாரமாக இடம்பெற்றது. ஆகவே, முதல் வரி கிடைக்கவில்லையே என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நன்கு தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, சில பக்கங்களில் அடங்கும் என எண்ணிய கதையை 1817ஆம் ஆண்டு வரை பொறுமையுடன் வளர்த்து முடித்தார். எழுதும்போதே ஒவ்வொரு வரியையும் அடித்துக்கொண்டிருந்தால் கதை நகராது. குறையுள்ளதாயினும் முடிந்த கதையைத் திருத்தலாம். முடியாத கதையை என்ன செய்வது?

மூன்றாவது, எழுதியதைப் பிறரிடம் காட்டினார். ஷெல்லி திருத்தங்கள் செய்த கையெழுத்துப் படிகள் இன்றும் ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. நாமும் கதையை நம்பிக்கைக்குரிய தோழி ஒருத்திக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். அவள் முகம் சுளிக்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

நான்காவது, மறுப்பைக் கண்டு அவர் துவளவில்லை. பதிப்பாளர்கள் இருவர் மறுத்த பின்னரே நூல் 1818ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அச்சிட்டவை 500 படிகளே. ஆசிரியர் பெயரும் இல்லை. ஆண் ஒருவர் எழுதியது என்றே பலர் எண்ணினர். 1823ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் இடம்பெற்றது.

நம் நிலை அத்தனை கடினமன்று. வகுப்பிற்கொரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்க யார் தடுக்கப் போகிறார்கள்? பிறர் சிரிப்பார்களோ என்னும் அச்சம் ஒன்றே தடை. புகழ்பெற்ற கவிஞர்கள் கைவிட்ட போட்டியில் தன் கதையை முடித்துக் காட்டியவர் நம்மைப் போன்ற இளம்பெண்ணே. ஆகவே இந்த விடுமுறையில் புதிய கரு தேடுமுன், நின்றுபோன பழைய கதை ஒன்றை எடுத்து முடிப்போம்; அதன்கீழ் நம் பெயரையும் துணிந்து எழுதுவோம்.