விதைக்கு வயல் போலக் கலத்திற்குச் சூழல்

விதைநெல் ஒன்றாக இருந்தாலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை என்பதை வினாயகபுரம் முதல் கல்முனை வரையிலான கரையோர விவசாயிகள் நன்கறிவர். உவர் ஏறிய வயலில் கருகும் அதே விதை, வண்டல் படிந்த வயலில் பொலிகிறது. மனித உடலின் குருத்துக்கலங்கள் விடயத்திலும் இத்தகைய நியதியொன்று செயற்படுவதை விஞ்ஞானம் நிறுவியுள்ளது. இதனை விளங்கிக்கொள்வது வெறும் அறிவுத் தேவை மாத்திரமன்று. நோயுற்ற உறவினருக்காகக் காணியை ஈடுவைத்தேனும் வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லத் துணியும் குடும்பங்களுக்கு அது ஒரு பாதுகாப்புமாகும்.

'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்துக்கலங்கள் தமக்கெனத் தொழிலொன்றை இன்னும் வரித்துக்கொள்ளாதவை. அவை பெருகவும், பின்னர் என்பு, தசை, கொழுப்பு போன்ற குறித்த இழையங்களின் கலங்களாக மாறவும் வல்லவை. இம்மாற்றமே வியத்தம் எனப்படுகிறது. வளர்ப்பூடகத்தில் சேர்க்கப்படும் இரசாயனச் சமிக்ஞைகளே இதனைத் தீர்மானிக்கின்றன என்பதே முன்னர் மேலோங்கியிருந்த கருத்தாகும்.

2004இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சென் தலைமையிலான குழுவினர் வேறொன்றைக் காட்டினர். ஒரே ஊடகத்தில் வளர்ந்த குருத்துக்கலங்களுள், பரந்து படர இடம் பெற்றவை என்புக் கலங்களாகவும், ஒடுங்கி உருண்டிருக்க நேர்ந்தவை கொழுப்புக் கலங்களாகவும் மாறின. 2006இல் டெனிஸ் டிஷரின் குழு, கலங்கள் அமரும் பரப்பின் விறைப்பை ஆராய்ந்தது. மூளையைப் போன்று மிருதுவான, சுமார் 1 கிலோபஸ்காலுக்கு உட்பட்ட கூழ்ப் பரப்பில் அவை நரம்பின் இயல்புகளைக் காட்டின. 8 முதல் 17 வரையிலான விறைப்பில் தசையின் இயல்புகளும், 25 முதல் 40 வரையில் என்பின் இயல்புகளும் தோன்றின. அவ்வாய்வை எழுதிய நால்வருள் ஒருவரான ஷாமிக் சென் பின்னர் மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகப் பேராசிரியரானார்.

கலம் விறைப்பை உணர்வது எங்ஙனம்? அது தன் உள்ளிழைகளைச் சுருக்கித் தான் அமர்ந்துள்ள பரப்பை இழுத்துப் பார்க்கிறது. பரப்பு எந்தளவுக்கு எதிர்த்து நிற்கிறதோ, அச்செய்தி கருவரை சென்று பரம்பரையலகுகளின் செயற்பாட்டை மாற்றுகிறது. அவ்விழுவிசையை மருந்தொன்றினால் தடுத்தபோது, விறைப்பின் செல்வாக்கும் அற்றுப்போயிற்று.

இந்த அறிவின் பயனை நாம் அயலிலேயே காணலாம். விழிவெண்படலத்தின் விளிம்பிலுள்ள குருத்துக்கலங்களே அதன் மேற்பரப்பை நாளும் புதுப்பிக்கின்றன. அமிலமோ வெற்றிலைச் சுண்ணாம்போ பட்டு அவை அழிந்தால் கண் மங்கிவிடும். 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம், பாகிஸ்தான் உள்ளிட்ட பல நாடுகளுக்கு விழிவெண்படலங்களை வழங்கிப் பெருமை பெற்றது. எனினும் விளிம்புக் கலங்கள் அழிந்த கண்ணில் அத்தகைய படலத்தை மாத்திரம் பொருத்துவது நிலைப்பதில்லை.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவகத்தில் 2001 முதல், நோயாளியின் நலமான மறுகண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, மகப்பேற்றின்போது பெறப்படும் பனிக்குடச் சவ்வின்மீது வளர்த்துப் பொருத்தினர். அச்சவ்வு கலங்களுக்கு இயற்கையான படுக்கையாக அமைந்தது. 2011இல் வெளியான அறிக்கையின்படி 200 நோயாளரில் 71 வீதமானோருக்கு இது வெற்றியளித்தது. 2012இல் அந்நிறுவகத்தார் இன்னும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். துணுக்குகளைச் சவ்வுடன் நேரே கண்ணில் பதித்தால் கண்ணே வளர்ப்புக் கலனாகிறது. ஆய்வுகூடச் செலவும் இல்லை. சொந்தக் கலங்களையே பயன்படுத்துவதால் கருமுளை தொடர்பான சமயநெறிச் சர்ச்சைகளுக்கும் இடமில்லை.

ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று மூதாட்டியர், தமது கொழுப்பிலிருந்து பெறப்பட்ட 'குருத்துக்கலங்கள்' என்ற பெயரில் இரு கண்களிலும் ஊசி ஏற்றப்பட்டுப் பார்வையைப் பெரிதும் இழந்தமை 2017இல் மருத்துவ ஏடொன்றில் பதிவாயிற்று. ஓரிடத்துக் கலத்தை இன்னோரிடத்தில் செலுத்திவிட்டால் அது தானாகவே தேவையான கலமாகும் என எதிர்பார்ப்பது, உவர் நிலத்தில் விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே எந்நோயையும் குருத்துக்கலத்தால் தீர்ப்போம் என்னும் விளம்பரங்களைக் காண்போர் சில வினாக்களைத் தவறாது எழுப்ப வேண்டும். கலம் எங்கிருந்து பெறப்படுகிறது? எச்சூழலில் வளர்க்கப்படுகிறது? இந்நோய்க்கு அதன் பயன் வெளியான ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளதா? பரிசோதனை முயற்சியே எனின், நோயாளியிடம் பணம் கேட்பது ஏன்? தெளிவான பதில் கிட்டாவிடத்து விலகிக்கொள்வதே அறிவுடைமை.

அதற்கும் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைச் சிறார்களுக்கு எட்டாத இடத்தில் வைப்போம். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காது, உடனே சுத்தமான நீரால் தொடர்ந்து கழுவி, வைத்தியசாலைக்கு விரைவோம். இழந்த கலங்களை மீட்பதிலும் இருப்பவற்றைக் காப்பது எளிதன்றோ!