பழைய வீடியோ கேம்களின் மறுவெளியீடு: பதிவிறக்கும் முன் கவனிக்க வேண்டிய 3 அம்சங்கள்

கடந்த நூற்றாண்டில் புகழ்பெற்ற வீடியோ கேம்கள் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. பெயர் அதுவே என்றாலும், கிடைப்பது அதே விளையாட்டு என்று உறுதியாகக் கூற இயலாது.

முதலாவது, வேகம். 60 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிகளுக்காக உருவாக்கப்பட்ட பல விளையாட்டுகள், 50 ஹெர்ட்ஸ் முறையைப் பின்பற்றிய ஐரோப்பாவில் சுமார் 17 சதவீதம் மெதுவாக இயங்கின. சோனி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ கருவியில் அத்தகைய ஐரோப்பியப் பதிப்புகள் சில இடம்பெற்றதால் விமர்சனம் எழுந்தது.

இரண்டாவது, உள்ளடக்கம். பாடல்களுக்கான உரிமம் காலாவதியானதால், ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டின் ஸ்டீம் பதிப்பிலிருந்து 2014-இல் பல பாடல்கள் நீக்கப்பட்டன.

மூன்றாவது, ஆயுள். வீ யு, 3டிஎஸ் கருவிகளுக்கான இணைய விற்பனையகத்தை நிண்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச் 27-இல் மூடியது. அத்துடன், அங்கு விற்கப்பட்ட பழைய விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வாய்ப்பும் முடிவுக்கு வந்தது. சந்தா முறையில் கிடைக்கும் விளையாட்டுகளோ, சந்தா முடிந்தால் இயங்காது.

எனவே, அசல் வேகமும் முழு உள்ளடக்கமும் கொண்ட பதிப்பா என்பதை மதிப்புரைகள் மூலம் அறிந்து வாங்குவது நல்லது. ஜிஓஜி தளத்தைப் போல, நிறுவல் கோப்பையே சேமித்துவைக்க அனுமதிக்கும் பதிப்பு கிடைத்தால், அதற்கு முன்னுரிமை அளிக்கலாம்.